எனாமல் தேஞ்சா திரும்ப வளருமா? உமிக்கரி, புளிப்பு, போர்த்தண்ணி: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சேரன்மாதேவியான்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ரெண்டு பேருக்குப் பல் பிரச்சினை. ரெண்டும் எனாமல், அதான் பல்லோட மேல் ஓடு, சம்பந்தப்பட்டதுங்காங்க.

அம்மாவுக்கு அறுபது தாண்டிட்டு. முன்பல் நுனியில வெளிச்சம் ஊடுருவித் தெரியுது, ஈறோரம் மஞ்சள் பாஞ்சு கெடக்கு, பச்சத்தண்ணி பட்டாலே கூசுது. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உமிக்கரிதான் தேய்க்காங்க. "எனாமல் போயிட்டு, இனி வளராது"ன்னு பல் டாக்டர் சொல்லிட்டார்.

மகளுக்கு எட்டு வயசு. பால்பல் விழுந்து புதுசா முளைச்ச முன்பல்லுல குறுக்கால மெல்லிசா வெள்ளைக்கோடு ஓடுது. சொத்தை இல்லைங்காங்க. அப்ப என்னது அது?

எந்தப் பேஸ்ட் வாங்கணும்னு நான் கேக்கல. எனாமல்ங்கிறது எதனால ஆனது, ஏன் வளராது, எது அதை அரிக்குது, இதைப் புரியும்படியா யாராவது எழுதினா நல்லாருக்கும்.

பாளை பல்மருத்துவர்

உங்க டாக்டர் சொன்னது சரி, வளராது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். கிளினிக்ல இதை உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் வாய்க்கிறதில்லை.

எலும்பு முறிஞ்சா கூடுது, ஏன்னா எலும்புக்குள்ள உயிருள்ள செல்கள் இருக்கு. எனாமலுக்குள்ள ஒரு செல்கூடக் கிடையாது. ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அதைக் கட்டினது அமெலோபிளாஸ்ட்ங்கிற செல் வரிசை. பல் இன்னும் தாடைக்குள்ள இருக்கும்போதே அந்த செல்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் வீதம் எனாமலைச் சுரந்துக்கிட்டே பின்வாங்கிப் போகும். 4 மைக்ரோமீட்டர்னா ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சதுல நாலு பங்கு. முதல்ல சுரக்கிறது கெட்டியா இருக்காது. அமெலோஜெனின் முதலான புரதமும் கொஞ்சம் தாதுவும் கலந்த இளசான பொருள் அது. அப்புறம் நொதிகள் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டா வெட்டும், செல்கள் அதை உறிஞ்சி எடுக்கும், காலியான இடத்துல கால்சியமும் பாஸ்பேட்டும் புகுந்து படிகங்கள் பருத்துக்கிட்டே வரும். கடைசியில எடைக்கணக்குல 96 சதவீதம் தாது, மிச்சம் கொஞ்சம் தண்ணீரும் ஒரு சதவீத அளவுக்குப் புரதமும்தான்.

வேலை முடிஞ்சு, பல் ஈறைத் தாண்டி வெளிய வரும்போது அந்த செல் வரிசையே அழிஞ்சு போயிடும். எனாமல் உபயோகத்துக்கு வர்ற நாள்ல அதைச் செஞ்சவங்க யாரும் உயிரோட இல்லை. திரும்ப வளராததுக்குக் காரணம் இதுதான். கால்சியம் மாத்திரை சாப்பிடுறதோ முருங்கைக்கீரை சாப்பிடுறதோ உடம்புக்கு நல்லது, முளைச்ச பல்லோட எனாமலுக்கு அதனால தடிமன் கூடாது.

அம்மாவோட கூச்சத்துக்கு வர்றேன். எனாமலுக்கு அடியில இருக்கிற டென்டின்ல தாது 70 சதவீதம்தான், 20 சதவீதம் கொலாஜன் முதலான உயிர்ப்பொருள், 10 சதவீதம் தண்ணீர். நிறமும் மஞ்சள். எனாமல் வெண்மையானதுன்னு பலபேர் நினைக்கிறாங்க, அது பாதி ஒளி ஊடுருவுற பொருள். மெலிய மெலிய அடியில இருக்கிற மஞ்சள் மேல தெரியும். நுனியில டென்டினே இல்லாததால அங்க வெளிச்சம் தாண்டித் தெரியுது. கடைவாய்ப் பல்லோட முகட்டுல எனாமல் தடிமன் 2.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஈறோரம் போகப்போகக் குறைஞ்சு ஒண்ணுமில்லாம முடியும். நாம உமிக்கரியைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறதும் அந்த ஈறோரத்துலதான். டென்டின் முழுக்க நுண்குழாய்கள், அதுக்குள்ள திரவம். எனாமல் மூடி போனதும் பச்சத்தண்ணி பட்டா அந்தத் திரவம் நகரும், உள்ள நரம்பு அதை வலியா உணரும்.

மகளோட வெள்ளைக்கோடு வேற விஷயம். அதுக்குத் தனியா எழுதுறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க: பிறந்ததுலேர்ந்து நாலு அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளை எங்க வளர்ந்தது, எந்தத் தண்ணி குடிச்சது?

வயல்வரப்பு

டாக்டரம்மா, உங்க படிப்புக்கு மரியாதை உண்டு. ஆனா உமிக்கரி மேல பழியப் போடுறதை என்னால ஒத்துக்கிட முடியல. எங்க தாத்தா எண்பது வயசுலயும் கரும்பைப் பல்லால உரிச்சாவ. முறுக்கை நொறுக்கித்தான் தின்னாவ, ஊறவச்சுத் தின்னதில்ல. அவுகளுக்கு உமிக்கரியும் வேப்பங்குச்சியும்தான். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு சொன்னவங்க சும்மாவா சொல்லிருப்பாங்க? இன்னைக்குப் பேஸ்ட் போடுற பத்து வயசுப் பிள்ளையளுக்குக் கடைவாய் பூரா சொத்தை. அதையும் பாக்கணும்லா.

அம்பை வேதியியல்

பள்ளிக்கூடத்துல வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வயல்வரப்பு தம்பி கேட்டதுல நியாயம் இருக்கு. அதைக் கடினத்தன்மையை வச்சுப் பாத்தா தெளிவாகும்.

எனாமலோட தாதுக்குப் பேரு ஹைட்ராக்சி அபடைட். கால்சியம் 10, பாஸ்பேட் 6, ஹைட்ராக்சில் 2, இந்த விகிதத்துல அடுக்கின படிகம். மோஸ் அளவுகோல்னு ஒண்ணு வகுப்புல நடத்துவோம். ஒரு பொருள் எதைக் கீறும், எது அதைக் கீறும்னு 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துனது. அதுல 5-ஆம் எண்ணுக்கு வச்சிருக்கிற மாதிரித் தாதுவே அபடைட்தான். பல் எனாமலும் 5-ஐ ஒட்டியே வரும். நம்ம உடம்புல இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. ஆனா ஆத்து மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7. செங்கப்பொடியிலயும் குவார்ட்ஸ் துகள் உண்டு. அதனால மணலும் செங்கப்பொடியும் எனாமலைக் கீறும். இதுல விவாதத்துக்கு இடமே இல்லை.

உமிக்கரிதான் சிக்கலானது. நெல் உமியில சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ்ல உள்ள அதே பொருள், ஏராளம், முழுக்க எரிச்ச சாம்பல்ல பெரும்பங்கு சிலிக்காவேதான். எப்படி எரிச்சாங்கங்கிறதுதான் முக்கியம். மூடி வச்சு மெதுவாக் கருக்கினா கரியும் படிக உருவம் பெறாத சிலிக்காவும் இருக்கும், அது ஓரளவு மிருது. ரைஸ்மில் அடுப்புல கடுஞ்சூட்டுல நெடுநேரம் வெந்த வெள்ளைச் சாம்பல்ல சிலிக்கா படிகமா மாறத் தொடங்கிடும், அது எனாமலை விடக் கடினம். உங்க தாத்தா வீட்டுல கருக்கி, உரல்ல இடிச்சு, துணியில சலிச்சு எடுத்த பொடியும், இன்னைக்கு மில்லுல அள்ளிட்டு வர்ற சாம்பலும் ஒண்ணு கிடையாது.

பாளை பல்மருத்துவர்

சார்வாள் சொன்னதோட இன்னும் ஒண்ணு. பேஸ்ட்லயும் தேய்ப்புப் பொருளா சிலிக்கா இருக்கு, அதை நான் மறைக்கப் போறதில்லை. ஆனா அது நீரேறிய சிலிக்கா, துகள் அளவு கட்டுப்படுத்தினது. உமிக்கரியில ஒரு கை பொடியா இருக்கும், அடுத்த கை நறநறன்னு இருக்கும்.

வயல்வரப்பு அண்ணாச்சி, உங்க தாத்தா பல் தப்பிச்சதுக்கு உமிக்கரியை விடப் பெரிய காரணம் அவங்க சாப்பாடு. வேளைக்கு ஒரு சாப்பாடு, நடுவுல வாய்க்கு ஓய்வு. பத்து வயசுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது மிட்டாய், இடைவேளையில பிஸ்கட், சாயங்காலம் குளிர்பானம். பல்லோட மேல படியுற நுண்ணுயிர்ப் படலத்துல இருக்கிற பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு அமிலம் விடும், அது எனாமலைக் கரைக்கும். சில நிமிஷத்துல அமிலத்தன்மை கூடி, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூணு தடவை இது நடந்தா எச்சில் சமாளிச்சுடும். பத்துத் தடவைன்னா முடியாது. அந்தப் பிள்ளையோட சொத்தைக்குப் பேஸ்ட் காரணம் இல்லை.

வேப்பங்குச்சி மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்லா மென்னு நாராக்கி, ஈறுலேர்ந்து பல் நுனி நோக்கி மெதுவாத் தேய்ச்சா அது நல்ல பிரஷ்தான். எனாமலைக் காக்கப் பேஸ்ட்ல சேர்க்கிற ஃபுளூரைடு மட்டும் அதுல கிடைக்காது.

கடையநல்லூர் வாசகி

அமிலம் பட்டா எனாமல் கரையுதுங்கீங்களே, அது எப்படிக் கரையுதுன்னு யாராவது சொல்லுங்களேன். எங்க பக்கம் புளியங்குடி எலுமிச்சம்பழம் வீட்டுல எப்பவும் கெடக்கும். ஜூஸ், ஊறுகாய், ரசத்துல பிழிஞ்சுன்னு தினமும் ஏதாவது ஒரு வழியில உள்ள போகுது. வெயில் காலத்துல மோரும் உண்டு. அதுவும் புளிப்புதானே?

அம்பை வேதியியல்

நல்ல கேள்வி தாயி. எச்சில்ல எப்பவும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சிருக்கு. சாதாரண நிலையில எச்சில் இந்தத் தாதுக்களால நிறைஞ்சு இருக்கிறதால எனாமல் கரையாது. அமிலம் வந்தா ஹைட்ரஜன் அயனிகள் ரெண்டு வேலை செய்யும். படிகத்துல இருக்கிற ஹைட்ராக்சிலைப் பிடிச்சு தண்ணீராக்கும், பாஸ்பேட்டோட சேர்ந்து அதை வேற வடிவத்துக்கு மாத்தும். படிகத்தைக் கட்டி நிறுத்துற ரெண்டு உறுப்பும் கைவிட்டுப் போறதால கால்சியம் கழண்டு எச்சிலுக்குள்ள போகுது. பி.எச்.ங்கிறது அமிலத்தன்மையைக் காட்டுற எண், அது குறையக் குறைய அமிலம் கூடுதல். பொதுவா பி.எச். அளவு 5.5-க்குக் கீழ போனா இது தொடங்கும்னு சொல்லுவாங்க.

இந்த 5.5 கல்லுல வெட்டின எண் இல்லை. சுத்தி இருக்கிற திரவத்துல ஏற்கனவே எவ்வளவு கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்குங்கிறதைப் பொறுத்து மாறும். மோருக்கும் தயிருக்கும் புளிப்பு இருந்தும் எனாமலை அரிக்காததுக்குக் காரணம் அதுதான். பால்லேர்ந்து வந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அதுல நிறைய இருக்கு, எனாமல் கரைய வேண்டிய அவசியமே வர்றதில்லை. மோரை நிம்மதியாக் குடிங்க.

எலுமிச்சை நேர் எதிர். பி.எச். 2-லேர்ந்து 2.5 வரைக்கும் போகும். அதுலயும் சிட்ரிக் அமிலம் கால்சியத்தைத் தானே பிடிச்சு இழுக்கிற குணமுள்ளது. ரசத்துல நாலு சொட்டு பிழியுறது பெரிய காரியமில்லை, சோத்தோட கலந்து வேகமா உள்ள போயிடும். ஜூஸை வாயில வச்சு வச்சுக் குடிக்கிறதும், தோலோட துண்டைப் பல்லால கவ்விச் சப்புறதும்தான் கெடுதல். குளிர்பானமும் ஏறக்குறைய இதே பி.எச்.தான்.

பாளை பல்மருத்துவர்

இதோட சேர்த்து ஒண்ணு: புளிப்பு சாப்பிட்ட உடனே பல் தேய்க்காதீங்க. அமிலம் பட்ட எனாமலோட மேல்தோல் கொஞ்ச நேரம் இளகி இருக்கும். அப்ப பிரஷ் போட்டா இளகினது அத்தனையும் வழிச்சுக்கிட்டுப் போகும். தண்ணியில கொப்பளிச்சுட்டு அரை மணி நேரத்துக்கு மேல எச்சிலுக்கு அவகாசம் கொடுத்தா அதுல கொஞ்சமாவது திரும்பக் கெட்டிப்படும்.

சேரன்மாதேவியான், அம்மாவுக்கு நுனி தெளிஞ்சு போயிருக்கிறதைப் பார்த்தா உமிக்கரி மட்டும் காரணமா இருக்காதுன்னு தோணுது. நுனி மெலியுறதுல பெரும்பாலும் அமிலத்துக்குப் பங்கு இருக்கும். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் உண்டான்னு கேளுங்க. இரைப்பை அமிலம் மேல வந்தா பல்லோட உள்பக்கம்தான் முதல்ல அரிக்கும், கண்ணாடியில பார்த்தா தெரியாது.

உடன்குடிப் பனையேறி மகன்

சர்க்கரைதான் எமன்னு எல்லாரும் சொல்லுதாவ. கருப்பட்டியில கால்சியமும் இரும்பும் இருக்குல்லா? சீனியை விட்டுட்டுக் கருப்பட்டி காபி குடிச்சா பல்லுக்கு நல்லதுதானே? பதநீருக்குச் சுண்ணாம்பு போடுதோம், அது அமிலத்தைக் கொன்னுடாதா?

பாளை பல்மருத்துவர்

உங்க தொழிலுக்கு முழு மரியாதையோட சொல்றேன் அண்ணாச்சி: பல் விஷயத்துல பாக்டீரியாவுக்குச் சீனியும் கருப்பட்டியும் ஒண்ணுதான். ரெண்டுலயும் பெரும்பகுதி சுக்ரோஸ். கருப்பட்டியில இருக்கிற தாது உடம்புக்கு உதவலாம், கடைவாய்ப் பள்ளத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற கருப்பட்டித் துண்டு சொத்தையைத் தடுக்காது. பதநீருக்குச் சுண்ணாம்பு போடுறதால அது கள்ளாப் புளிக்கிறது நிக்குது, குடிக்கும்போது வாயில அமிலமும் இல்லை. அதுவரைக்கும் நல்லது. ஆனா அதுல இருக்கிற சர்க்கரை பல்லுல தங்கினா பின்னால பாக்டீரியா அமிலமாக்கும். குடிச்சு முடிச்சதும் ஒரு வாய் தண்ணி குடிச்சுடுங்க. இருட்டுக்கடை அல்வாவுக்கும் சேர்த்தே சொல்றேன், ஒட்டுற பண்டம் எதுக்கும் இதே கதைதான்.

தையல் அக்கா, மேலப்பாளையம்

எனாமல் உடம்புலயே கடினம்னு சார்வாள் எழுதிருக்காவ. அப்புறம் ஏன் எனக்கு முன்பல்லுல வி வடிவத்துல ஒரு வெட்டு விழுந்திருக்கு? நான் வருஷக்கணக்கா நூலைப் பல்லாலதான் கடிச்சு அறுக்கேன். வெறும் நூலுதானே அது. எங்க அண்ணன் சோடா மூடியைப் பல்லால திறக்கப் போயி ஒரு பல்லு மூலை உடைஞ்சுது. கடினமா இருந்தா உடையக்கூடாதுல்லா?

பாளை பல்மருத்துவர்

இந்த இழையில எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான் அக்கா. கடினம் வேற, உடையாமல் இருக்கிறது வேற. கடினமான பொருள் பெரும்பாலும் நொறுங்கும். எனாமலை வெறும் அபடைட் கல்லாக் கற்பனை பண்ணினா, முதல் பாக்கைக் கடிக்கும்போதே மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல் ஓடிருக்கும். ஓடாமல் காப்பாத்துறது அதோட கட்டுமானம்.

ஒவ்வொரு அமெலோபிளாஸ்ட் செல்லும் பின்வாங்கிப் போன வழியில ஒரு தண்டு உருவாகியிருக்கு. அதுதான் எனாமல் தண்டு. விட்டம் 5 மைக்ரோமீட்டர் அளவு, குறுக்குவெட்டுல பார்த்தா சாவித்துளை வடிவம். ஒரு பல்லுக்குள்ள இப்படிப் பல லட்சக்கணக்கான தண்டுகள், டென்டின் எல்லையிலேர்ந்து பல்லோட மேற்பரப்பு வரைக்கும். ஒவ்வொரு தண்டுக்குள்ளயும் ஆயிரக்கணக்கான அபடைட் படிகங்கள். ஒவ்வொரு படிகமும் சில பத்து நானோமீட்டர் குறுக்களவுதான், நீளமோ அதைப் போலப் பல மடங்கு.

மேற்பரப்பை ஒட்டின பகுதியில தண்டுகள் ஓரளவு இணையாப் போகும். உள்பக்கம் அப்படி இல்லை. ஒரு கூட்டம் இடப்பக்கம் சாய்ஞ்சா, அடுத்த கூட்டம் வலப்பக்கம் சாயும், ஒண்ணை ஒண்ணு குறுக்கிடும். பத்தமடைப் பாயில கோரையும் பாவு நூலும் மாறி மாறி ஏறி இறங்குறதை நினைச்சுக்கோங்க. ஒரு கோரையில விழுந்த கீறல் நேரா ஓட முடியாமல் அடுத்த இழையில முட்டி நிக்குது. எனாமல்லயும் விரிசல் திசை மாறித் திசை மாறி, பலம் இழந்து நின்னுடும். நுண்ணோக்கியில வெளிச்சமும் இருட்டுமா பட்டை பட்டையாத் தெரியும். ஹண்டர் ஷ்ரெகர் பட்டைகள்னு பேரு.

அதையும் தாண்டி வர்ற விரிசலை டென்டின் எல்லை பிடிக்கும். அந்த எல்லை வழவழன்னு இருக்காது, வளைவு வளைவாக் குழிஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தி இருக்கும். அடியில கொலாஜன் உள்ள டென்டின் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். சின்னச் சின்ன விரிசல் நம்ம எல்லார் பல்லுலயும் உண்டு. பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தா முன்பல்லுல நெட்டுக்கோடா தெரியும். பல வருஷம் அது அப்படியே நிக்கும்.

இந்தக் கட்டுமானம் மெல்லுற பலத்துக்குச் சரியானது. சோடா மூடியோட இரும்பு விளிம்பு ஒரே புள்ளியில நெம்பும்போது மூலையில இருக்கிற தண்டுகளுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, அடுக்கோட பேத்துக்கிட்டு வந்துடும். நூல் மிருதுதான், ஆனா ஒரே இடத்துல நாள்தோறும் இழுபடுறது. நூல்ல ஒட்டியிருக்கிற தூசியும் சேர்ந்து அறுக்கும். தையல்காரர்கள்கிட்ட நாங்க அடிக்கடி பார்க்கிற வெட்டு அது. கத்தரியைக் கழுத்துல தொங்கவிட்டுக்கோங்க அக்கா. அந்த வெட்டைப் பல் நிறத்துல உள்ள பசையால அடைச்சுடலாம், பெரிய செலவு இல்லை.

மட்டுறுத்துநர்

"ஏழு நாள்ல எனாமல் வளரும்" என்ற விற்பனை இணைப்பு ஒன்று இங்கே பதிவாகியிருந்தது. நீக்கியிருக்கிறோம். இழையைத் தொடருங்கள்.

பொருநைக்கரை

அந்த இணைப்பு போனது நல்லது, ஆனா கேள்வி நியாயமானதுதான். எனாமலைச் செயற்கையா வளர்க்க ஆராய்ச்சி நடக்குதா?

அம்பை வேதியியல்

நடக்குது. 2019-ல சீனாவுல செஜியாங் பல்கலைக்கழகத்துக்காரங்க கால்சியம் பாஸ்பேட்டோட மிகச்சிறு அயனித் திரள்களைப் பூசி, எனாமல் மேலயே படிகத்தைத் தொடர்ச்சியா வளர்த்துக் காட்டினாங்க. வளர்ந்தது சில மைக்ரோமீட்டர் தடிமன், அதுவும் ஆய்வகத்துல. மில்லிமீட்டருக்கும் அதுக்கும் உள்ள தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. கடையில விக்கிற எந்தப் பசையும் அதைச் செய்யாது.

செய்யக்கூடியது ஒண்ணு உண்டு. தாது இழந்து வெள்ளைப் புள்ளியா இருக்கிற ஆரம்பச் சொத்தையில மேல்தளம் இன்னும் உடையல, உள்ளதான் நுண்துளை விழுந்திருக்கும். அந்த நிலையில எச்சில்லேர்ந்தும் ஃபுளூரைடு பேஸ்ட்லேர்ந்தும் தாது திரும்ப உள்ள ஏறும். குழி விழுந்துட்டா ஏறாது.

சேரன்மாதேவியான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரம்மா கேட்டதுக்குப் பதில்: மகள் பிறந்து நாலு வயசு வரைக்கும் ஆலங்குளம் பக்கம் மாமனார் ஊர்லதான் இருந்தா. மானாவாரிக் காடு, ஆறு கிடையாது, முழுக்க போர்த்தண்ணிதான் குடிச்சா. அப்புறம் சேரன்மாதேவி வந்துட்டோம், இங்க தாமிரபரணித் தண்ணி. கோடு ரெண்டு முன்பல்லுலயும் ஒரே உயரத்துல இருக்கு. அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு, அதை நாங்க பெருசா எடுத்துக்கல.

பாளை பல்மருத்துவர்

அம்மாவை முதல்ல வயித்து டாக்டர்கிட்ட காட்டுங்க. மென்மையான பிரஷ், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட். உமிக்கரியை நிறுத்தினால் போதும், அவங்களைக் குறை சொல்லாதீங்க.

பிள்ளை விஷயம். நிரந்தர முன்பல்லோட எனாமல் பிறந்து மூணு நாலு மாசத்துல உருவாகத் தொடங்கி, நாலு அஞ்சு வயசுல முடிஞ்சுடும். முதல் கடைவாய்ப் பல்லுக்கு அது பிறக்கும்போதே தொடங்கி மூணு வயசுக்குள்ள முடியும். எட்டு வயசுல நீங்க பார்க்கிற கோடு இந்தப் பருவத்துல எழுதினது. இப்ப குடிக்கிற தாமிரபரணித் தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

அந்தக் காலத்துல தண்ணியில ஃபுளூரைடு அதிகமா இருந்தா எனாமல் முதிர்ச்சி கெடும். புரதம் முழுக்க வெளியேறாமல் தங்கி, மேல்தளத்துக்குக் கீழ நுண்துளைகள் நிக்கும். நல்ல எனாமலோட ஒளிவிலகல் எண் 1.62. துளைக்குள்ள தண்ணீர் இருந்தா 1.33, காற்று இருந்தா 1. இந்த வித்தியாசத்துல ஒளி சிதறி வெள்ளையாத் தெரியும். பல்லைத் துடைச்சுக் காய வச்சா கோடு இன்னும் எடுப்பாத் தெரியுறது அதனாலதான். ஒரே நாள்கள்ல உருவான பகுதி ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இருக்கும், அதனால இடதும் வலதும் ஒத்து வர்ற மெல்லிய குறுக்குக்கோடு, ஃபுளூரைடு மிகுதியால வர்ற இந்தப் பாதிப்பை, அதாவது ஃபுளூரோசிஸைத்தான் முதல்ல நினைக்க வைக்கும். ஒரே ஒரு பல்லுல மட்டும் திட்டு இருந்தா, பால்பல்லுல அடிபட்டது காரணமா இருக்கலாம். எல்லை தெளிவான மஞ்சள் பழுப்புத் திட்டு கடைவாய்லயும் இருந்தா அது வேறொரு தாதுக்குறைபாடு. நேர்ல பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில பல் பிரிவுல காட்டுங்க.

வயல்வரப்பு

அப்ப ஃபுளூரைடு பல்லைக் கெடுக்குது. அதையே பேஸ்ட்ல போட்டு எனாமலைக் காக்குதுங்கீங்க. ரெண்டும் எப்படி உண்மையாகும்?

அம்பை வேதியியல்

வரலாறே உங்க கேள்வியில இருந்துதான் தொடங்குது தம்பி. அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்ல 1901-ல ஃபிரெடரிக் மெக்கேங்கிற பல்மருத்துவர் அங்க உள்ளவங்க பல்லுல பழுப்புக்கறையைப் பார்த்தார். கறை இருந்த அதே பல்லுகள்ல சொத்தை குறைவா இருந்ததும் பின்னால அவருக்குத் தெரிஞ்சது. காரணம் தண்ணியில இருக்கிற ஃபுளூரைடுன்னு 1931-ல தான் கண்டுபிடிச்சாங்க. நம்ம பக்கமும் பழைய சென்னை மாகாணத்துல நெல்லூர் மாவட்டத்துல ஃபுளூரோசிஸ் இருக்கிறதை 1937-ல பதிவு பண்ணிட்டாங்க. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான்.

வித்தியாசம் காலத்துலயும் அளவுலயும் இருக்கு. தாடைக்குள்ள எனாமல் உருவாகும்போது ரத்தம் வழியா அதிகமாப் போனா கெடுதல். முளைச்ச பல்லோட மேற்பரப்புல கொஞ்சமாப் பட்டா, ஹைட்ராக்சில் இருந்த இடத்துல ஃபுளூரைடு உக்காந்து இறுக்கமான படிகமாகும். ஃபுளூர் அபடைட் கரைய பி.எச். 4.5 வரைக்கும் இறங்கணும். இந்தியாவுல பேஸ்ட்ல ஃபுளூரைடு 1000 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) மேல போகக்கூடாதுன்னு வரம்பு உண்டு. குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேற வழி இல்லாத இடத்துல 1.5 வரை. சின்னப் பிள்ளைக்கு அரிசி அளவு பேஸ்ட் போதும், துப்பச் சொல்லிக் கொடுக்கணும்.

பொருநைக்கரை

"இந்தப் பருவத்துல எழுதினது"ன்னு டாக்டரம்மா போட்டதைப் படிச்சதும் இதைச் சொல்லாம இருக்க முடியல. தொல்லியல் ஆய்வுல எனாமலை இப்படித்தான் வாசிக்காங்க. எனாமல்ல நாள் கணக்குக்கு ஒரு குறுக்குக்கோடு, ஏறத்தாழ வாரக்கணக்குக்கு ரெட்சியஸ் கோடுன்னு பெரிய கோடு. பிறந்த நாளுக்கே ஒரு கோடு உண்டு, கருப்பையிலேர்ந்து வெளிய வந்த அதிர்ச்சியில விழுகிறது. தண்ணியிலயும் சாப்பாட்டுலயும் இருந்த ஸ்ட்ரான்சியம்ங்கிற தனிமத்தோட ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகை) விகிதம் ஊர் மண்ணைப் பொறுத்து மாறும், அது எனாமல்ல அப்படியே பூட்டிக்கிடும். குழந்தையில எந்த மண்ணுல வளர்ந்தாங்கன்னு அதை வச்சு ஊகிக்கலாம். அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் ரெண்டு குரோமோசோம்லயும் சின்ன வித்தியாசத்தோட இருக்கு. அதனால எனாமல்ல மிஞ்சின புரதத் துணுக்கை வச்சே ஆணா பெண்ணான்னு சொல்லிடலாம்.

ஆதிச்சநல்லூர் பரம்புல அலெக்சாண்டர் ரீ தோண்டினது 1899 முதல் 1905 வரை, இந்தியத் தொல்லியல் துறை திரும்பத் தோண்டினது 2004-ல. புதைகுழியில எலும்பு மக்கி உதிர்ந்தாலும் பல்லு நிக்கும், எனாமல் கடைசி வரைக்கும் நிக்கும். நம்ம ஆத்தங்கரையில வாழ்ந்தவங்க பிள்ளைப் பருவத்துல என்ன தண்ணி குடிச்சாங்கங்கிறதை அந்தப் பல்லுகள்கிட்டயே கேக்கலாம்னு நினைக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு. அந்த ஆய்வு விரிவா நடக்கணும்.

சேரன்மாதேவியான்

கோடு ஏன் வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. மகளுக்கு இனி அதை மாத்த முடியாது, சரி. ஆனா மாமனார் ஊர்ல மச்சினனுக்கு ஏழு மாசக் கைப்பிள்ளை இருக்கு. அதே போர்த்தண்ணியைக் காய்ச்சித்தான் பிள்ளைக்குக் கொடுக்காங்க. தண்ணியை எங்க சோதிக்கணும்? காய்ச்சினா ஃபுளூரைடு போயிடுமா?

அம்பை வேதியியல்

காய்ச்சினா போகாது. தண்ணி வத்துறதால அளவு கூடத்தான் செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு, பஞ்சாயத்து மூலமாவோ நேராவோ மாதிரி கொடுக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில்ல எடுங்க, கண்ணாடி வேண்டாம், ஃபுளூரைடு கண்ணாடியோட வினைபுரியும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியில பாட்டிலை ரெண்டு மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க. எந்தப் போர், எத்தனை அடி, என்ன தேதின்னு எழுதி ஒட்டுங்க. ஃபுளூரைடு பாக்கணும்னு குறிப்பாச் சொல்லுங்க.

பாளை பல்மருத்துவர்

முடிவு வர்ற வரைக்கும் கைப்பிள்ளைக்கு ஆத்துத்தண்ணிக் குழாய்லேர்ந்து பிடிச்ச தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ கொடுக்கச் சொல்லுங்க. ஆர்.ஓ. ஃபுளூரைடை எடுத்துடும், மெழுகுத்திரி வச்ச சாதாரண ஃபில்டர் எடுக்காது. தாய்ப்பால்ல ஃபுளூரைடு மிகக் குறைவு, அதை நிறுத்தாமல் கொடுக்கட்டும். சோதனை முடிவு வந்ததும் இங்க எண்ணைப் போடுங்க. அந்த ஊர்ல அதே போர்த்தண்ணி குடிக்கிற மத்த சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர்னும் கேட்டு வையுங்க.

சேரன்மாதேவியான்

ஞாயித்துக்கிழமை போறேன். ரெண்டு போர் இருக்கு, ரெண்டுலயும் எடுக்கேன். மச்சினன்ட்ட இப்பவே போன்ல சொல்லிட்டேன், சாயங்காலமே கேன் தண்ணி வாங்கிடுதாங்களாம்.